நாணல் மேல் குடியிருந்தது

“எலி எலின்னா எந்த எலி? ஊர்ல எல்லாரையும் மனுஷன்னே கூப்பிட்டா தபால்காரன் என்ன பண்ணுவான்?”

சித்தி இதை ஒரு நாளைக்கு நாலு தடவையாவது சொல்லிவிடுவாள். மூன்றாவது ‘எலி’யில் குரல் ஒரு படி ஏறும். தபால்காரன் வரும்போது இடது புருவமும் கூடவே ஏறும். நான் அப்படியே செய்து காட்டினால் வீடு முழுக்கச் சிரிக்கும். சித்தி மட்டும், புருவம் பத்தவில்லை என்பாள்.

கல்லூரி அருங்காட்சியகத்தின் பின்னறையில் அவளுக்கு வேலை. செத்து வரும் சின்னப் பிராணிகளின் தோலை உரித்து, பஞ்சு அடைத்து, வாலுக்குள் கம்பி செருகி நேராக்கி, காலில் சீட்டுக் கட்டி இழுப்பறையில் அடுக்க வேண்டும். மண்டையோடு தனிக் குப்பியில். இருபத்தாறு வருடமாக இதுதான்.

ஓர் இழுப்பறையில் பதினான்கு சுண்டெலிகள் இருந்தன. ஏரிக்கரையில் நாணல் அறுப்பவர்கள், கட்டுக்குள் செத்துக் கிடந்ததாக அவ்வப்போது கொண்டுவந்து கொடுத்தவை. புதிதாக வந்த துறைத்தலைவர், வருடம் முழுக்கச் சளி பிடித்தவர் மாதிரி மூக்காலேயே பேசுபவர், ஒரு வெள்ளிக்கிழமை அதைத் திறந்து பார்த்தார். எல்லாம் வெறும் வீட்டுச் சுண்டெலி, இடத்தை அடைக்கிறது, திங்கட்கிழமை எரித்துவிடுங்கள் என்று உத்தரவும் எழுதிக் கொடுத்தார். நாணற்காட்டில் தானே தரையெல்லாம் பொறி வைத்துப் பார்த்தாராம். வீட்டுச் சுண்டெலி தவிர ஒன்றும் விழவில்லையாம்.

சித்திக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அந்தப் பதினான்கின் வால்கள் மட்டும் கம்பிக்கு அடங்காமல் நுனியில் சுருண்டுகொண்டே இருந்தது அவள் விரலுக்குத்தான் தெரியும். வழக்கப்படி அவற்றை அழுத்தி அழுத்தி நிமிர்த்தி, அடையாளத்தையே அழித்ததும் அதே விரல்தான்.

“என் கையாலேயே கெடுத்து வச்சிருக்கேங்க,” என்றாள் சித்தப்பாவிடம். “சுருளுற வாலுக்குத் தரையில என்ன வேலை? அது எதையோ புடிச்சுக்கிட்டு மேலேயே வாழுது.”

சித்தப்பா பஸ் ஓட்டுபவர். வாரம் ஒரு நாள்தான் லீவு, அதுவும் சேற்றிலா என்று முனகிக்கொண்டே கூடப் போனார். சனிக்கிழமை சாயங்காலம், அவர் பஸ்ஸை விட்டு வந்ததும், பன்னிரண்டு தகரப் பொறிகளை நாணல் தண்டுகளில் நெஞ்சுயரத்துக்குக் கட்டினார்கள். ஞாயிறு காலை போய்ப் பார்த்தால் ஒன்றன்பின் ஒன்றாகக் காலி. பதினொன்றாவது வரும்போது சித்தப்பா வீட்டுக்குத் திரும்பும் வழியைப் பார்த்துக்கொண்டு நின்றாராம். பன்னிரண்டாவது மூடியிருந்தது. அதற்கு ஒரு முழம் தள்ளி, இலைகளைக் கிழித்துப் பின்னிய, பந்து மாதிரி ஒரு கூடு தண்டுகளுக்கு நடுவே தொங்கியது.

திங்கட்கிழமை சித்தி ஒரு கண்ணாடி ஜாடியைத் துறைத்தலைவர் மேசை மேல் வைத்தாள். உள்ளே ஒரு நாணல் தண்டு. கட்டைவிரல் அளவு ஜீவன் ஒன்று, வாலைத் தண்டில் இரண்டு சுற்றுச் சுற்றி, தலைகீழாகத் தொங்கியபடி தானியம் கொறித்துக்கொண்டிருந்தது.

வீட்டுச் சுண்டெலியும் ஏறத்தான் செய்யும் என்று மூக்கு சொன்னது.

“பல்லைப் பாருங்க சார்,” என்று சித்தி குப்பிகளை நகர்த்தினாள். வீட்டுச் சுண்டெலியின் மேல் முன்பல்லைப் பக்கவாட்டில் பார்த்தால் சின்ன வெட்டு ஒன்று தெரியும். அவர் லென்ஸை எடுத்தார். ஒன்று, இரண்டு, ஐந்து, பதினான்கு. ஒன்றில்கூட வெட்டு இல்லை. அவர் எழுந்து நின்று ஜாடியை மறுபடி பார்த்தார். அலமாரியிலிருந்து தடித்த புத்தகத்தை இறக்கினார். அரை மணி நேரம் கழித்து எரிக்கும் உத்தரவைக் கிழித்துப் போட்டார். இந்த வட்டாரத்தில் இதுவரை யாரும் பதிவு செய்யாத நாணல் சுண்டெலி. பியூன் முதல் நூலகர் வரை பின்னறைக்கு வந்து கைதட்டினார்கள். சித்தி கையுறையைக்கூடக் கழற்றாமல் நின்று வாங்கிக்கொண்டாள்.

புதுச் சீட்டைத் துறைத்தலைவரே எழுதினார். வாழிடம்: நாணல் தண்டின் மேல், தரையில் அல்ல. ‘கண்டுபிடித்தவர்’ என்ற இடத்தில் பேனா நின்றது. பொதுவாகத் துறை என்றே போட்டுவிடலாமே அம்மா என்றார்.

“துறை வந்து சேத்துல இறங்கலையே சார். இறங்கினது நானும் என் வீட்டுக்காரரும். அவரோட செருப்பு ஒண்ணு இன்னும் அங்கதான் பொதஞ்சு கெடக்கு. துறைக்கு ஏதாவது கண்டுபிடிச்சே ஆகணும்னா, போய் அதைக் கண்டுபிடிக்கட்டும். அந்தச் சீட்டுல தாராளமா துறைன்னே போட்டுக்குங்க. இதுல என் பேரை எழுதுங்க.”