பச்சையம்மா கைநாட்டு வைக்காத காகிதம்

என் ஓரகத்தி பச்சையம்மாவைப் பிடிவாதக்காரி என்று குப்பமே சொல்லும். சொல்லட்டும். அவளோடு பட்டணத்துக்கு ஏறி இறங்கியவள் நான், எனக்குத் தெரியும்.

அவள் புருஷன் தருமன், என் கொழுந்தன். எண்பத்திரண்டாம் வருஷம் ஏரியில் வலைக்கழி ஊன்றும்போது வலிப்பு வந்து விழுந்தான். தலைக்குள் கட்டி. பட்டண ஆஸ்பத்திரியில் கழுத்து ரத்தக்குழாயில் ஊசி குத்தி மருந்து ஏற்றிப் படம் எடுத்தார்கள். அந்த ஊசிக்கே இரண்டு நாள் அவனுக்குப் பேச்சு வரவில்லை. பிறகு மண்டையைத் திறந்து கட்டியை எடுத்தார்கள், கட்டி மறுபடி முளைக்காமலிருக்கக் கரண்டும், அதாவது கதிர்வீச்சும், வைத்தார்கள். பிழைத்தான். வலது கை பாதி போயிற்று.

இரண்டு வருஷம் கழித்து மறுபடி வலிப்பு. இதற்குள் ஸ்கேன் மிஷின் வந்திருந்தது. அதில் பழைய இடத்திலேயே வெள்ளையாக ஒரு திட்டு தெரிந்தது.

"கட்டி திரும்ப வந்திருக்கு. திறக்கணும். இதுல கைநாட்டு வைம்மா" என்றார் பெரிய டாக்டர்.

பச்சையம்மா பெருவிரலை முந்தானைக்குள் மடக்கிக்கொண்டாள். "கட்டிதான்னு நிச்சயமா சார்?"

"கரண்ட் வெச்ச புண்ணும் இப்படித்தான் தெரியும். திறந்தாதான் சொல்ல முடியும்."

"தெரியாததுக்கா தொறக்கறீங்க? போன தபா ஒரு கை போச்சி. இந்தத் தபா இன்னா போவும்?"

"சரி, முதல்ல கழுத்துல ஊசி போட்டுப் பார்க்கலாம்."

"அதுவும் வாணாம்."

கட்டிலில் கிடந்த தருமன், "என் தலை இன்னா டிரங்குப் பொட்டியா, தொறந்து தொறந்து மூட?" என்றான். நர்சு சிரித்துவிட்டாள், டாக்டர் சிரிக்கவில்லை.

என் வீட்டுக்காரர் சகாதேவன் அவளை அதட்டினார். "அவுரு படிச்சவரு. நீ இன்னாத்த கண்ட?"

"படிச்சவரே தெரியலன்றாரு. உங்களுக்குத் தெரிஞ்சி போச்சா மாமா?"

மூன்று நாள் ஸ்கேன் அறை வாசலை விட்டு அவள் நகரவில்லை; திறக்காமல் தெரிந்துகொள்ள வழி உண்டா என்று வருகிற டாக்டர்களை எல்லாம் கேட்டாள். கடைசியில் ஒரு சின்ன டாக்டரம்மா நின்று பேசினாள். கை நரம்பில் மருந்தைப் போட்டு, அந்த ஒரே இடத்தை அடுத்தடுத்துப் படம் எடுக்கலாமாம். உயிருள்ள கட்டி ரத்தத்தை இழுக்கும், மருந்து வேகமாக வந்து சேரும். செத்த புண்ணுக்கு அப்படி வராது. "ஆனா நாங்க இதை நிறையப் பேருக்குச் செஞ்சதில்லை. முழுசா நம்ப முடியாதும்மா."

"வலை கட்டறதுக்கு மின்ன நாங்க பாசியக் கிள்ளிப் போட்டு தண்ணி ஓட்டம் பாப்போம். ஓட்டம் இல்லாத எடத்துல கழி ஊனமாட்டோம். அதானே? எடுங்கம்மா."

எடுத்தார்கள். திட்டுக்குள் மருந்து கொஞ்சம்தான், அதுவும் மெள்ளத்தான் போயிருந்தது. பெரிய டாக்டருக்கு அப்போதும் மனசு ஒப்பவில்லை.

"தப்பா இருந்தா?"

"நானே வந்து வெரல வெக்கறேன். மூணு மாசம் குடுங்க."

சொந்தப் பொறுப்பில் அழைத்துப் போவதாக ஒரு காகிதம் நீட்டினார்கள். நர்சை இரண்டு தரம் படிக்கச் சொல்லிக் கேட்டு, அதில் மட்டும் பெருவிரலை அழுத்தி வைத்தாள்.

ஊரில், புருஷனைக் கொல்லப் பார்க்கிறாள் என்றார்கள். அவள் மீன் கூடையோடு போனாள், வந்தாள், வேளைக்கு வலிப்பு மாத்திரை கொடுத்தாள். ராத்திரி அவன் மூச்சை எண்ணிக்கொண்டு கிடந்தது எனக்குத்தான் தெரியும்.

மூன்றாம் மாசம் திட்டு வளரவில்லை. ஆறாம் மாசம் சுருங்கியிருந்தது.

"உனக்கு அதிர்ஷ்டம்மா" என்றார் பெரிய டாக்டர்.

"அதிர்ஷ்டம் இல்ல சார், கேட்டேன். அடுத்தவ வந்து அடம் புடிக்கறதுக்கு மின்னயே அந்த ஓட்டம் பாக்கற படத்த எடுத்துப் பாத்துடுங்க."

அவள் தருமனை எழுப்பிக்கொண்டு கிளம்பினாள்; பொன்னேரி ரயிலுக்கு நேரமாகிவிட்டது.