ஆளில்லாத ஊரில் ஒரு வீடு

ஒன்பது வயதில், எங்கள் வீட்டில் இங்கிலீஷில் போன் பேசக்கூடிய ஒரே பெரிய மனுஷி நான்தான். அம்மா, அப்பாவோடு இலங்கையிலிருந்து படகில் இந்த நாட்டுக்கு வந்தபோது எனக்கு நாலு வயது. எங்களுக்கு இருந்தது தற்காலிக விசா. ஆட்கள் குறைந்த தூரப் பகுதியில் சில வருடம் வேலை செய்தால் வேறு விசாவுக்கு விண்ணப்பிக்கலாம் என்று சொன்னார்கள். மாநிலத்தின் மேற்குக் கோடியில், ஓர் இறைச்சி ஆலையில் அப்பாவுக்கு வேலை கிடைத்தது. இனி அங்கே வீடு பிடிப்பது மட்டும்தான் மிச்சம்.

அந்த ஊரில் வாடகை வீடு பிடித்துக் கொடுக்கும் அலுவலகத்துக்கு நான்தான் போன் எடுத்தேன். மெரிலேண்ட்ஸ் பள்ளிக்கூடத்தில் பழகிய என் இங்கிலீஷ் அசல் வெள்ளைக்காரப் பிள்ளையின் பேச்சு மாதிரியே இருக்கும் என்பதில் அம்மாவுக்குப் பெருமை. போனில் பேசிய பெண் என்னைக் கண்ணே என்று கூப்பிட்டாள். மூன்று அறை வீடு மாதக்கணக்காகப் பூட்டிக் கிடக்கிறது, சனிக்கிழமை வந்து பாருங்கள் என்று விலாசமும் சொன்னாள்.

விடியுமுன் நகரத்திலிருந்து காரில் புறப்பட்டோம். மலையைத் தாண்டியதும் வீடுகள் குறைந்தன. பிறகு மரங்கள் குறைந்தன. அதற்குப் பிறகு செம்மண்ணும் வேலிக் கம்பியும்தான். முழு இலங்கையையும் தூக்கி இங்கே வைத்தாலும் இடம் மிஞ்சும் என்று பள்ளிக்கூடத்தில் ரீச்சர் சொன்னதை நான் சொன்னேன்.

"இவ்வளவு காணி கிடக்க, சனமெல்லாம் ஏன் நகரத்திலை, லிட்கமிலை நெருக்குப்படுகுது?" என்று அப்பா சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நாளாகியிருந்தது. பின்வளவில் மிளகாய்க் கன்று வைப்பதைப் பற்றி அம்மா பேசிக்கொண்டே வந்தாள்.

ஒரே தெருவுள்ள ஊர். பாதிக் கடைகளுக்குப் பலகை அடித்திருந்தது. நாங்கள் அலுவலகத்துக்குள் போனதும் அந்தப் பெண் அப்பாவைப் பார்த்தாள், பிறகு அம்மாவின் பொட்டைப் பார்த்தாள். போனில் பேசியது நான்தான் என்றேன். வீடு நேற்றே போய்விட்டதாம். வேறு வீடு? ஊரில் வீட்டுத் தட்டுப்பாடாம்.

அவள் சொன்ன விலாசத்துக்குப் போய்ப் பார்த்தோம். புல் முழங்காலளவு வளர்ந்திருந்தது. வாடகைக்கு என்ற பலகை வாசலிலேயே நின்றது.

"நீ போனிலை வடிவாக் கேட்டனியோ?" அம்மா என்னைத்தான் பிடித்தாள்.

அந்தப் பெண் சொன்னது சொல்லுக்குச் சொல் எனக்கு நினைவிருந்தது. ஆனால் அம்மாவின் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது. "இல்லையம்மா, நான்தான் பிழையா விளங்கிட்டன்."

"பிள்ளையை ஏசாதையும்," என்றார் அப்பா, பலகையிலிருந்து கண்ணை எடுக்காமல். "ஏறுங்கோ, போவம்."

சில வாரங்களில் அவர் மட்டும் தனியே போனார். ஆலைக்குப் பின்னால், இரண்டு பேருக்கான கரவன் வண்டிவீட்டுக்குள் வேலையாட்கள் நாலு பேராகப் படுத்தார்கள். நான் உயர்நிலைப் பள்ளி முடிக்கும்வரை அவர் மாதத்துக்கொருமுறை வந்துபோகும் விருந்தாளி.

இப்படியெல்லாம் வரும் என்று தெரியாத நான், அன்று திரும்பும் வழி முழுக்கப் பின்சீற்றில் பாடிக்கொண்டு வந்தேன். பள்ளிக்கூடம் மாற வேண்டாம் என்ற சந்தோஷம். அடுத்த வெள்ளிக்கிழமை மேய்ஸ் ஹில் முருகன் கோயிலில் அம்மா கண்ணை மூடிக்கொண்டு அழுதாள். அவளும் நன்றி சொல்லித்தான் அழுகிறாள் என்று நினைத்து, நான் இன்னும் இறுக்கிக் கைகூப்பினேன்.