இரைப்பைக்கு அடுத்து இடதுபக்கம்

போன செவ்வாய்க்கிழமை என் மகள் ஸஃப்னா, மனித உடலில் இரைப்பையைத் தாண்டியதும் இடதுபக்கம் திரும்ப வேண்டும் என்று வகுப்பில் சொல்லியிருக்கிறாள்.

என்னைப் பள்ளிக்கூடத்துக்கு வரச் சொல்லிவிட்டார்கள்.

கொஞ்சம் பின்னால் போகிறேன். ஸஃப்னா ஐந்தாம் வகுப்பு. உட்கார மாட்டாள். நாற்காலியில் உட்காரவைத்தால் நாற்காலியும் சேர்ந்து நகரும். அரையாண்டுப் பரீட்சையில் அறிவியல் கவிழ்ந்தது. மதிப்பெண் அட்டை வாங்க அவளோடு பள்ளிக்கூடத்துக்குப் போனேன்.

"பாடம் ஒண்ணும் தலையில கேறுன்னில்ல. இனியும் இப்படின்னா, அஞ்சுலயே ஒரு கொல்லம் கூடி இரிக்கட்டும்" என்றார் லிஸி டீச்சர். கொச்சி மட்டாஞ்சேரிக்காரர். அங்கே குடியிருக்கும் தமிழ்க்காரர்களான எங்களிடம் பேசும்போது மலையாளமும் தமிழும் பாதிப்பாதி.

உட்காரத் தெரியாத பிள்ளைக்கு இன்னும் ஒரு வருஷம் உட்காருவதா தண்டனை?

திரும்பி வரும் வழியெல்லாம் ஸஃப்னா என் கையை விடவில்லை. "அம்மா, என் கூட்டுக்காரிங்க எல்லாரும் ஆறுக்குப் போயிருவாங்களா?"

அப்போதுதான் எனக்கு ஒன்று தோன்றியது. உட்காரத்தானே மாட்டாள்... நடப்பாளே?

டீச்சர் பாடங்களை ஆடியோவாக வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் போடுவார். அதுவரை யாரும் கேட்டதாகத் தகவல் இல்லை. மறுநாள் மாலை இயர்போனில் ஒரு காது அவளுக்கு, ஒரு காது எனக்கு — கிளம்பிவிட்டோம். "நடந்தா கால்தானே வளரும்?" என்றார் என் கணவர், சோபாவிலிருந்து.

எங்கள் சந்து முடிவதற்குள் உணவுக்குழாய் முடிந்துவிடும். பஜார் ரோட்டில் சுக்கு குடோன் வாசலுக்கு வந்தால் இரைப்பை. அங்கே தினமும் ஒரு ஆடு வழியை மறித்துக்கொண்டு நிற்கும். அதனால் இரைப்பையில் கொஞ்சம் தாமதமாகும். உணவும் அங்கே தங்கித்தான் போகும் என்றார் காதுக்குள் டீச்சர். இடதுபக்கம் திரும்பினால் வளைந்து வளைந்து போகிற சந்து... சிறுகுடல். படகுத்துறைக்குப் போகும் வழி பெருங்குடல். அதற்குமேல் விவரிக்க வேண்டாம். படகுக்கு நிற்பவர்கள் மனம் புண்படும்.

ஒருநாள் ஆட்டின் முன்னால் நின்றுவிட்டாள்.

"அம்மா, இது தின்னதையே திரும்பத் திரும்ப மெல்லுதே, இதுக்கு எத்தனை வயிறு?"

எனக்குத் தெரியவில்லை. வீட்டுக்குப் போய் போனில் தேடிப் பார்த்தோம். வயிறு ஒன்றுதான், அதில் நாலு அறை.

"நம்ம வீட்டைவிட ரெண்டு அறை கூடுதல்" என்றாள்.

இப்படித்தான் போய்க்கொண்டிருந்தது. செவ்வாய்க்கிழமை வாய்மொழித் தேர்வு. ஸஃப்னாவை எழுப்பி நிற்கவைத்து, "ஆமாசயம் கழிஞ்ஞா பின்னே எங்ஙோட்டா?" — இரைப்பைக்கு அப்புறம் எங்கே — என்று டீச்சர் கேட்டிருக்கிறார்.

"லெஃப்ட்."

வகுப்பே சிரித்திருக்கிறது. நான் போனபோது டீச்சர் மேஜைக்குப் பக்கத்தில் அழுது முடித்த முகத்தோடு நின்றிருந்தாள்.

நடந்ததையெல்லாம் சொன்னேன். சொல்லும்போது எனக்கே நம்பும்படியாக இல்லை. "ஒரே ஒருதடவை இவளை நடக்கவிட்டுக் கேளுங்க டீச்சர்."

"எங்கே, வராந்தாவிலா?"

"வராந்தா போதும்."

நடந்தார்கள். நான் ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முதல் நாலு அடி ஸஃப்னா தரையைப் பார்த்தே நடந்தாள். போச்சு என்று நினைத்தேன். அப்புறம் மெதுவாக ஒரு குரல் — வாய், உமிழ்நீர், உணவுக்குழாய்... மூலைக்கு வந்ததும் டீச்சர் நேராகப் போகப் பார்த்தார். ஸஃப்னா அவர் சேலையைப் பிடித்து இழுத்தாள். "டீச்சரே, இவிடெ லெஃப்ட்!"

சிறுகுடல், பெருங்குடல் எல்லாம் முடித்து, கேட்காமலே ஆட்டின் நாலு அறைக்கும் போய்விட்டுத்தான் நின்றாள்.

டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தேவைக்கு மேல் கொஞ்ச நேரம் துடைத்தார்.

"ஞான் பேசி அனுப்புனதை ஒரு குட்டி இத்தனை கேட்டிருக்கான்னு இப்பத்தான் அறியறேன்" என்றார். பிறகு ஸஃப்னாவின் தலையில் கை வைத்து, "நீ அஞ்சுல இரிக்கண்டா. ஆறுக்குப் போ" என்றார்.

வெளியே வந்ததும் சூட்டோடு சூடாக அடுத்த பாடத்தைப் போட போனை எடுத்தேன். தாவரங்கள்.

"இன்னைக்கு வேண்டாம்மா. சும்மா நடக்கலாம்."

நடந்தோம். அவள் பாட்டுக்கு ஏதேதோ பேசிக்கொண்டு வந்தாள்.

சும்மா நடப்பது எப்படி என்று எனக்குத்தான் மறந்துபோயிருந்தது.