பின்னேரக் கையொப்பம்

விஞ்ஞான, கணித ஆசிரியர்களுக்கான பயிற்சிச் செயலமர்வு எப்படித் தொடங்கும் என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவேன். மங்கல விளக்கு, மௌன வணக்கம், வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை, பிறகு திரையில் 'செயலமர்வின் நோக்கங்கள்'. அந்த நோக்கங்களை ஒருவர் எங்களுக்கு வாசித்துக் காட்டுவார், எங்களுக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது என்ற நினைப்பில். எப்படி முடியும் என்று மட்டும் கேட்கக்கூடாது. பதினொரு வருடத்தில் ஒரு செயலமர்வின் முடிவைக்கூட நான் பார்த்ததில்லை.

எல்லாம் படகால் வந்த வினை. நான் நெடுந்தீவில் பிறந்து நெடுந்தீவிலேயே படிப்பிக்கிறவள். செயலமர்வுகள் யாழ்ப்பாணத்தில். விடியப் படகேறி, குறிகட்டுவானில் இறங்கி, மடத்துவெளி, வேலணை, மண்கும்பான் என்று பஸ்ஸில் குலுங்கிப் போய் மண்டபத்துக்குள் நுழைய, விளக்கேற்றிக்கொண்டிருப்பார்கள். கடைசிப் படகைப் பிடிக்க வேண்டுமென்றால் மத்தியானச் சாப்பாட்டுப் பார்சலைக் கையில் வாங்கியபடியே வெளிக்கிட வேண்டும். நிகழ்ச்சி நிரலில் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரேயொரு வரிதான் இருக்கும்: 'செய்முறை'. நான் எதற்காகக் கடல் கடந்து போனேனோ, அது அந்த வரியில் இருக்கும். நான் பஸ்ஸில் இருப்பேன்.

வரவுப் பதிவேட்டில் இரண்டு கட்டம். காலைக் கையொப்பம், பின்னேரக் கையொப்பம். என் பெயருக்கு நேரே பின்னேரக் கட்டம் எப்போதும் வெறுமை. இரண்டு கையொப்பமும் இல்லாவிட்டால் சான்றிதழ் இல்லை. ஒருமுறை என் கோப்பில் யாரோ எழுதி வைத்திருந்தார்கள்: 'வாண்மை விருத்தியில் ஆர்வம் போதாது.' படகில் வாந்தியெடுத்துக்கொண்டு வந்து இறங்குகிறவளுக்குத் தொழிலில் வளர ஆர்வம் போதாதாம். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. எழுதின ஆளை ஒருநாள், ஒரேயொரு நாள், வாடைக்காற்றுக் காலத்தில் எங்கள் படகில் ஏற்றிவிட வேண்டும் என்பது இன்றைக்கும் என் ஆசை.

சான்றிதழ் கிடக்கட்டும். என் கரைச்சல் வேறு. நான் உயிரியல் படித்தவள். இலையின் குறுக்குவெட்டு முகத்தை நித்திரையிலும் கீறுவேன். ஆனால் எங்கள் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானத்துக்கும் கணிதத்துக்கும் நான் ஒருத்திதான். அதனால் பதினோராம் வகுப்புக்கு இலத்திரனியலும் என் தலையில். அதில் ஒரு சுற்று இருக்கிறது. மூன்று காலுள்ள ஒரு திரான்சிற்றர், வெளிச்சத்தை உணருகிற ஒரு தடையி, ஒரு சின்னச் சிவப்பு எல்.ஈ.டி. பல்ப். வெளிச்சம் பட்டால் பல்ப் அணைந்திருக்கும். கையால் மூடி இருட்டாக்கினால் பல்ப் எரியும். தெருவிளக்குகள் பொழுதுபடத் தானாக எரிகிற சங்கதி அவ்வளவுதான். வருடா வருடம் அதைக் கரும்பலகையில் கீறுவேன். பல்பின் குறியீட்டுக்குப் பக்கத்தில் வெளியே பார்த்தபடி இரண்டு சின்ன அம்புக்குறி போடுவேன். ஒளி வெளியே வருகிறது என்பதற்கு அடையாளம் அது. பிள்ளைகள் கொப்பியில் கீறுவார்கள். பாடம் முடிந்தது.

இந்த வருடத்துப் பதினோராம் வகுப்பில் எட்டுப் பேர். முன்வாங்கில் ஒரு பெட்டை. தகப்பன் கடற்தொழில், வள்ளத்து இயந்திரம் பழுதானால் அவளும் பக்கத்தில் குந்தியிருந்து பார்க்கிறவள். படத்தைக் கீறிவிட்டுத் திரும்பினேன், கை தூக்கியபடி இருந்தாள்.

"ரீச்சர், இது உண்மையா எரியுமோ?"

"ஓம், எரியும்."

"நீங்கள் பாத்தனீங்களோ?"

எட்டுப் பேரும் என் வாயைப் பார்த்தார்கள். பொய் சொல்ல மனம் வரவில்லை.

"இல்லைப் பிள்ளை. நான் பாக்கேல்லை."

அவள் குத்திக் காட்டவில்லை. "அப்ப எரியாமலும் விடலாம் என்ன, ரீச்சர்" என்று சொல்லிவிட்டு மிச்சப் படத்தைக் கீறினாள். நான் வாயைக் கொடுத்தேன்: "சோதினைக்கு முதல் உங்களுக்கு எரிச்சுக் காட்டுறன். இது என்ரை வாக்கு."

யூரியூப்பில் பார்த்தால் போதாதா என்று கேட்பவர்களுக்கு: பார்த்தேன். அதில் எரிந்தது. யாழ்ப்பாணத்து ரேடியோக் கடையில் சாமான் வாங்கி வந்து அதே மாதிரிச் செய்தேன். என் மேசையில் எரியவில்லை. ஒரு திரான்சிற்றர் கருகி மணத்தது, அவ்வளவுதான். காணொளிக்காரன் தன்னுடைய சுற்றைத்தான் காட்டுவான். என் சுற்றில் நான் விட்ட பிழையை அவன் எப்படிச் சொல்லுவான்? பக்கத்தில் நின்று, "ரீச்சர், அந்தக் காலை மாறிக் குடுத்திட்டீர்" என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் எப்போதும் பின்னேரத்தில்தான் இருந்தார்.

வலயக் கல்வி அலுவலகத்தின் அடுத்த கூட்டத்தில் எழும்பி நின்று கேட்டேன். ஒருமுறை, ஒரேயொரு முறை, செயலமர்வை எங்கள் தீவில் வைத்தால் என்ன? இலத்திரனியல் செய்முறையை மட்டும் வைத்தால் என்ன? அழுதுவிடுவேனோ என்று எனக்கே பயம். ஆனால் ஒத்துக்கொண்டார்கள். செய்முறை சொல்லித்தர ஒரு வளவாளர் சாமான் பெட்டியோடு வருவார், தீவில் இருக்கிற விஞ்ஞான, கணித ஆசிரியர்கள் எல்லோரும் எங்கள் பள்ளிக்கூடத்தில் கூடுவது என்று முடிவு.

இனி வருவதில் என் பிழையும் உண்டு. அதை மறைக்கப் போவதில்லை.

எங்கள் பள்ளிக்கூட அதிபரிடம் சொன்னதும் அவர் கதிரையை விட்டு எழும்பினார். "கடல் கடந்து வாற மனிசனைச் சும்மா கூப்பிட்டுச் சும்மா அனுப்பேலாது, ரீச்சர். ஊர் என்ன சொல்லும்?" உண்மைதான், எங்களுக்கு அது ஏலாது. எங்கள் தீவுக்கு ஆள் வருவது குறைவு, வந்தால் விடமாட்டோம். இறங்குதுறையில் மாலை, வாசலில் நிறைகுடம், மேடையில் வரவேற்பு நடனம், மத்தியானம் நண்டு, இறால், கணவாய். பெற்றோர் சங்கம் ஆளாளுக்குக் கறி பங்குபோட்டு எடுத்தது. நடனம் பழக்க ஆளில்லை என்றார்கள். நான் பழக்குகிறேன் என்றேன். நேரமில்லை என்றார்கள். என் விஞ்ஞானப் பாடவேளைகளைத் தருகிறேன் என்றேன். இரண்டு கிழமை! புத்தகத்தை மூடி வைத்துவிட்டுப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய், 'வருக வருக' என்று கை விரிக்கப் பழக்கினேன். முன்வரிசையில் நடுவில் நின்றவள் அந்தப் பெட்டைதான். அப்போது எனக்கு அதில் ஒரு பிழையும் தெரியவில்லை, சந்தோசமாகக்கூட இருந்தது.

அன்றைக்குக் கடல் கொஞ்சம் குழப்பம். வளவாளர் முகம் வெளிறி இறங்கினார். நல்ல மனிதர், அதையும் சொல்ல வேண்டும். பெட்டியைத் தானே நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார், எனக்கு அவரைக் கும்பிட வேண்டும் போலிருந்தது. மாலை போட்டோம். தேசிக்காய்த் தண்ணீர் கொடுத்தோம். மேளத்தோடு நடத்திக் கூட்டி வந்தோம். விளக்கேற்ற ஒன்பது பேரை அழைத்தோம். காற்றில் திரி நூர்ந்து நூர்ந்து போனது, விடாமல் கொளுத்தினோம். அதிபர் பேசினார். பழைய அதிபர் பேசினார். பெற்றோர் சங்கத் தலைவர் தீவின் வரலாற்றை முதலிலிருந்து சொன்னார். பிள்ளைகள் ஆடினார்கள், அருமையாக ஆடினார்கள். தேத்தண்ணீர், வடை. பிறகு வளவாளர் திரையை விரித்து நோக்கங்களை வாசித்தார்.

மணி பன்னிரண்டரை. "சேர், செய்முறையைத் தொடங்குவமோ?" என்று வளவாளரிடம் மெல்லக் கேட்டேன். அதிபர் என்னைப் பார்த்த பார்வை! "சோறு ஆறுது ரீச்சர். மனிசன் காலமை சாப்பிட்டதையும் கடலுக்குக் குடுத்திட்டு வந்திருக்கிறார்." வளவாளரைச் சாப்பிட இருத்தினார்கள். ஒரு கறி போதும் என்று அவர் கையால் மறித்தார்; மறித்த கைக்கு மேலால் இன்னொரு நண்டு விழுந்தது. சாப்பிட்டு எழும்பினால், "நெடுந்தீவுக்கு வந்து காட்டுக்குதிரை பாக்காமல் போறதோ?" என்று பெற்றோர் சங்கத் தலைவர் வாகனத்தோடு நின்றார். வளவாளர் தயங்கினார், என்னைத் திரும்பிப் பார்த்தார். வந்தவரை எப்படி மறிப்பது? அந்த ஒரு நொடி வாயை மூடிக்கொண்டு நின்றதற்காக என்னை நான் இன்னும் திட்டுகிறேன்.

குதிரை பார்த்து வந்தபோது ஒன்றே முக்கால். படகு இரண்டரைக்கு. அவர் பெட்டியைத் திறந்தார். உள்ளே எல்லாம் அழகாக அடுக்கியிருந்தது: பலகைகள், வயர்கள், கால் முறியாத திரான்சிற்றர்கள். ஒன்றை எடுத்துக் காட்டிவிட்டு மணிக்கூட்டைப் பார்த்தார்.

"ரீச்சர், இது ஒரு மணித்தியால வேலை. அடுத்தமுறை யாழ்ப்பாணம் வரேக்கை பின்னேரம் நிண்டு செய்யுங்கோவன்."

பெட்டியின் மூடியில் கை வைத்தேன். "பெட்டியையாவது விட்டிட்டுப் போங்கோ, சேர். ரெண்டு நாளிலை பத்திரமா அனுப்பிவிடுறன்."

"ஏலாது ரீச்சர், என்ரை பொறுப்பிலை கிடக்கு. நாளைக்கு வேறை பள்ளிக்கூடம்." உண்மையான வருத்தத்தோடுதான் சொன்னார். பிறகு வரவுப் பதிவேட்டை நீட்டினார். "பின்னேரக் கையொப்பத்தையும் இப்பவே வைச்சுவிடுங்கோ. நீங்கள் எல்லாரும் முழுநாளும் நிண்டனீங்கள்தானே."

வைத்தேன். பதினொரு வருடத்தில் முதல் தடவை.

படகு விட்டபின் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பினேன். எட்டுப் பேரும் ஆய்வுகூடத்தில் இருந்தார்கள். பழகிக்கொண்டு வந்து உடனே காட்டுவேன் என்று நான்தான் இருக்கச் சொல்லியிருந்தேன். அவள் முகத்தில் நடனத்துக்குப் பூசிய பவுடர் இன்னும் இருந்தது.

"எரிஞ்சுதோ ரீச்சர்?"

"இல்லைப் பிள்ளை. நேரம் காணாமல் போச்சு."

"நாங்கள் ஆடாமல் விட்டிருந்தால் நேரம் காணும் என்ன?"

அவள் கோபத்தில் கேட்கவில்லை, கணக்குப் பார்த்துத்தான் கேட்டாள். என்னிடம் மிஞ்சிக் கிடந்த இரண்டு திரான்சிற்றரையும் எடுத்து மேசையில் போட்டு, எல்லோருமாகச் சேர்ந்து காலை மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தோம். ஒன்று சுட்டது. மற்றது அதுவும் செய்யவில்லை. பொழுதுபட வீட்டுக்கு அனுப்பினேன்.

சான்றிதழ் ஒரு மாதத்தில் வந்தது. 'இலத்திரனியல் செய்முறைப் பயிற்சியைத் திறம்பட நிறைவு செய்துள்ளார்.' அதிபருக்குப் பெருமை தாங்கவில்லை; காலைக் கூட்டத்தில் மேடைக்குக் கூப்பிட்டுத் தந்தார். பிள்ளைகள் கைதட்டினார்கள். அவளும் தட்டினாள்.

அன்று மூன்றாம் பாடவேளை பதினோராம் வகுப்பு, பரீட்சைக்கு மீட்டல். அதே சுற்றைக் கரும்பலகையில் கீறினேன். திரான்சிற்றர், தடையி, பல்ப். பல்பைக் கீறியதோடு சோக்கட்டியைக் கீழே வைத்துவிட்டேன். எரிந்து நான் பார்க்காத ஒன்றுக்கு, எரிகிறது என்று அடையாளம் போட அன்று என் கை வரவில்லை.

முன்வாங்கில் கை எழும்பியது.

"ரீச்சர், அந்த ரெண்டு அம்புக்குறியும் போடேல்லை."

நான் திரும்பவில்லை.

"போடுங்கோ ரீச்சர்" என்றாள், என்னைத் தேற்றுகிற குரலில். "போடாட்டிச் சோதினையிலை புள்ளி வெட்டுவினம்."

சோக்கட்டியை எடுத்து இரண்டையும் போட்டேன்.