திண்டிவனம் தாண்டினா லிமிட் கிடையாது

மூணு வருஷத்துக்கு முன்னாடி, ஒரு சித்திரை மாசம். செங்கல்பட்டுலேர்ந்து விழுப்புரம் போற பாசஞ்சர் ரயில்ல நடந்தது இது. இப்ப நினைச்சாலும் எனக்கு நானே ரெண்டு அறை விட்டுக்கலாம்னு தோணும்.

நான் விழுப்புரம் பக்கத்துல ஒரு கிராமம். செங்கல்பட்டு கிட்ட ஒரு கம்பெனியில ஸ்டோர் கீப்பர். தினமும் ரயில்ல போய்வர்ற சீசன் டிக்கெட் ஆளுங்க இருக்கிற எடத்துல சீட்டுக்கட்டு இல்லாம இருக்குமா? நாங்க நாலு பேரு எதிரும் புதிருமா உட்கார்ந்து முழங்கால் மேல துண்டை விரிச்சா ஆட்டம் ஆரம்பம்.

எங்க ஆட்டத்துக்கு சட்டமெல்லாம் ஸ்டேஷன் கணக்குதான். மேல்மருவத்தூர் வரைக்கும் ரம்மி, பாயிண்ட்டுக்கு அம்பது பைசா. எவ்ளோ மட்டமா தோத்தாலும் ஒரு ஆட்டத்துக்கு நாப்பது ரூபாயோட போச்சு. அங்கேர்ந்து திண்டிவனம் வரைக்கும் மூணு சீட்டு, ஒரு தடவைக்கு இருபது ரூபாய்க்கு மேல கட்டக் கூடாது. திண்டிவனம் தாண்டினா பெட்டியில கூட்டம் கொறைஞ்சுடும், லிமிட்டும் போயிடும். தெம்பு இருக்கிறவன் எவ்ளோ வேணும்னாலும் கட்டலாம்.

மூணு சீட்டு தெரியாதவங்களுக்காகச் சொல்றேன். ஆளுக்கு மூணு சீட்டு கவுத்துப் போடுவாங்க. அதைத் தூக்கிப் பாக்காமலே பணம் கட்டறவன் பிளைண்ட். பாத்துட்டவன் அவனை மாதிரி ரெண்டு மடங்கு கட்டணும். கடைசியா ரெண்டே பேரு நின்னு, அதுல ஒருத்தன் பிளைண்டா இருந்தா, 'ஷோ'ன்னு சொல்லி சீட்டைத் திறக்க வைக்கிற உரிமை அவனுக்கு மட்டும்தான். பாத்தவன் ஒண்ணு கட்டிக்கினே இருக்கணும், இல்லன்னா 'பேக்'னு சொல்லி, போட்ட காசையும் விட்டுட்டு ஒதுங்கணும்.

அன்னைக்கு எங்க நிலத்துல மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, புடுங்கறாங்க. பன்னெண்டு பொம்பளைங்க, ஆளுக்கு முன்னூறு ரூபா கூலி. காலையில கிளம்பும்போதே என் வீட்டுக்காரி சொல்லி அனுப்பிச்சா, "சில்லறையா மாத்திக்கினு வாங்க. சாயங்காலம் அவங்களை நிக்க வைக்கக் கூடாது." மூவாயிரத்து அறுநூறையும் நூறா மாத்தி, ரப்பர் பேண்டு போட்டு உள் பாக்கெட்டுல வச்சிருந்தேன்.

திண்டிவனத்துல மரக்காணம்காரர் ஏறினாரு. விழுப்புரத்துல ரெண்டு ஹோட்டலுக்கு மீன் போடறவரு, என் வயசுதான் இருக்கும். வாரத்துல ரெண்டு நாள் தெர்மாகோல் பெட்டியோட வந்து எங்க ஆட்டத்துல சேர்ந்துக்குவாரு. எப்பவும் பிளைண்டுதான். கேட்டா, "கடல்ல எறங்கறவன் அடியில இன்னா கெடக்குதுன்னு பாத்துட்டா எறங்கறான்?"னு சிரிப்பாரு. மீன் வாசனைக்காக நான் மூக்கைச் சுளிச்சுக்கினு ஜன்னல் பக்கம் நகர்ந்து உட்காருவேன். அவரு ஒரு நாளும் அதைப் பெருசு பண்ணதில்ல.

சீட்டு வந்துச்சு. பாத்தேன். ஆட்டின் ஏழு, எட்டு, ஒம்போது! ஒரே ஜாதியில வரிசையா மூணு. இந்தச் சீட்டை வச்சிக்கினு எவனாவது பேக் சொல்லுவானா? மத்தவங்க சீக்கிரமே ஒதுங்கிட்டாங்க. நானும் மரக்காணம்காரரும்தான் பாக்கி. அவரு அம்பது, நான் நூறு, ரெண்டு சுத்து. அவரு நூறு, நான் எரநூறு, அதுவும் ரெண்டு சுத்து. அவரு எரநூறு, நான் நானூறு. அவரு இன்னொரு எரநூறு. மயிலம் வர்றதுக்குள்ள என் சொந்தக் காசு துடைச்சுப் போட்டாப்ல தீர்ந்துபோச்சு.

"ஷோ கேளுங்களேன்யா"ன்னேன். மனுஷன் தலையை ஆட்டினாரு.

"ரூல் ரூல்தாங்க. கட்றதுன்னா கட்டுங்க."

கை தானா உள் பாக்கெட்டுக்குப் போச்சு. கூலிப் பணம்னு தெரியும். தெரிஞ்சேதான் எடுத்தேன். நானூறு. அவரு எரநூறு. மறுபடியும் நானூறு. அவரு மறுபடியும் எரநூறு. வாய் மட்டும் வீம்பா சிரிக்குது.

அப்பதான் போன் அடிச்சுது. எங்க வீட்டுக்காரிக்கு மெதுவாப் பேச வராது.

"எங்க இருக்கீங்க? ஆளுங்கல்லாம் மூட்டை கட்டிட்டு வரப்புல உட்கார்ந்துக்கினு இருக்காங்க. கூலிப் பணம் பத்திரமா வச்சிருக்கீங்க இல்ல?"

"விக்கிரவாண்டி வரப்போறேன், வச்சிருக்கேன்"னு கட் பண்ணிட்டு, அடுத்த நானூறை எண்ண ஆரம்பிச்சேன்.

மரக்காணம்காரரு என் கையையே பாத்தாரு. தன் மூணு சீட்டையும் தூக்கினாரு. திறந்து பாக்கலைங்க! அப்படியே கட்டுக்கு நடுவுல சொருகினாரு.

"பேக். எடுத்துக்கங்க."

எனக்கு வந்த சந்தோஷம் இருக்கே! "பயந்துட்டாருய்யா மரக்காணம்! ஆழம் பாத்துட்டாரு!"ன்னு துண்டோட சேர்த்து காசை அள்ளிக்கினு கத்தினேன். எல்லாரும் சிரிச்சாங்க. அவரும் சிரிச்சாரு.

விழுப்புரத்துல இறங்கும்போது கதவுகிட்ட பக்கத்துல பக்கத்துல நின்னோம். என்னைப் பாக்காம, மெதுவா சொன்னாரு.

"தப்பா நெனைக்காதீங்க, போன்ல பேசுனது காதுல வுழுந்துச்சு. எங்க ஊட்டுக்காரியும் கூலிக்குக் கூடை தூக்கினவதாங்க. வேலை முடிஞ்சும் காசு வர்ல, வர்லன்னு கரையிலேயே குந்திக்கினு இருப்பா. நான் ஷோ கேட்டு, என் சீட்டு பெருசா இருந்துட்டா இன்னா பண்றது? அதான்."

என் மூஞ்சியில ஈ ஆடல. அவரு கட்டினது ஆயிரத்து நூறு. எடுத்து அவரு கையில திணிச்சேன். தள்ளிவிட்டாரு.

"ஆட்டத்துல போனது போனதுதான். ரூல் ரூல்தாங்க. ஜல்தி போங்க, காத்துக்கினு இருப்பாங்க." பெட்டியைத் தலையில வச்சிக்கினு கூட்டத்துல போயிட்டாரு. நான் மூக்கைச் சுளிச்ச அதே பெட்டி.

அந்தக் காசை வீட்டுக்குள்ள வைக்க எனக்கு மனசு வரல. என் கையிலேர்ந்தும் ஒரு நூறு போட்டு, கூலியோட ஆளுக்கு நூறு சேர்த்துக் கொடுத்தேன். வீட்டுக்காரி முறைச்சா. எல்லாத்தையும் சொன்னேன், வண்டை வண்டையா வாங்கிக் கட்டிக்கினேன். தகும் எனக்கு. அன்னையிலேர்ந்து சீட்டைத் தொட்டதில்ல. மரக்காணம்காரரு ஏறினா இப்ப அவருக்கு ஜன்னல் சீட்டை விட்டுக் கொடுத்துட்டு, பெட்டியை என் காலடியில வாங்கி வச்சிக்கறேன்.

அன்னைக்குக் கூலி வாங்கின ஒரு அம்மா, நோட்டை முந்தானையில முடிஞ்சுக்கினே, "நேரத்துக்கு வந்து நெறைவா குடுத்த, நல்லா இருப்பா நீ"ன்னு வாழ்த்திச்சு. அந்த வாழ்த்து எனக்குச் சேர வேண்டியதே இல்ல. இப்பவும் ஒவ்வொரு தடவை கூலி கொடுக்கும்போதும், யாராவது நல்லா இருன்னு சொன்னா, அதை மனசுக்குள்ளயே மரக்காணத்துக்கு அனுப்பி வச்சிடறேன்.