தாலி ஏறும் வரை

அறை இருட்டாக இருந்தும் என் மகன் குமாரின் கண்மணிகள் கடுகளவாகச் சுருங்கியிருந்தன. நான் கவனித்த முதல் அறிகுறி அதுதான். விழுப்புரத்தில் பள்ளி ஆசிரியனான நான் அவனைக் கண் மருத்துவரிடம் அழைத்துப் போனேன். அவர் அவன் சட்டைப் பையிலிருந்து கரி படிந்த சிகரெட் பெட்டித் தாளை எடுத்து என் கையில் வைத்தார். பிரவுன் சுகர், தாளில் வைத்துச் சூடாக்கிப் புகையை இழுக்கும் ஹெராயின்.

சென்னையில் இருபது நாள் சிகிச்சை. விடுபடு நோய் (போதை நின்றதும் உடல் படும் பாடு) அவனைக் கட்டிலோடு முறுக்கியது.

"உடம்பு தேறிடுச்சு சார். மூளை தேற ஒரு வருஷமாவது ஆகும். அதுவரைக்கும் திண்டிவனம் பக்கமே அனுப்பாதீங்க. அந்த இடத்தைப் பார்த்தாலே ஆசை கிளம்பிடும்" என்றார் சிகிச்சை தந்த மருத்துவர். திண்டிவனத்து ரேடியோ கடையில் வேலை பார்த்தபோதுதான் அவன் அதற்குப் பழகியிருந்தான்.

ஐந்து மாதம் நன்றாக இருந்தான். மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டே தங்கையைச் சீண்டுவான்.

"நீ போனா வீட்ல சோறு மிச்சம்டீ."

"நீ துன்ற தீனிக்கு மிச்சம் வேறயா?"

அவளுக்கு நிச்சயமான மாப்பிள்ளை திண்டிவனம். எங்கள் வழக்கப்படி, கல்யாணத்தன்று காலையில் பெண்ணின் அண்ணன் போய் மாப்பிள்ளைக்கு மாலை போட்டு அழைத்துவர வேண்டும். வேறு யாரையாவது அனுப்பலாம் என்றேன்.

"அவன் போலன்னா இன்னா ஏதுன்னு நோண்டுவாங்க. ஆஸ்பத்திரில இருந்தத மஞ்சகாமாலைன்னு சொல்லி வெச்சிருக்கோம், நெனப்பிருக்கா?" என்றாள் மனைவி.

அனுப்பினேன்.

மாப்பிள்ளையோடு திரும்பியவன் ஓயாமல் மூக்கைச் சொறிந்தான். அதற்கு என்ன பொருள் என்று எனக்குத் தெரியும்: மறுபடி இழுத்திருக்கிறான். வாசலில் நின்று சம்பந்திகளை வரவேற்றுக்கொண்டிருந்தேன்.

முகூர்த்தத்துக்குச் சற்று முன் அவனைக் காணவில்லை. மண்டபத்துச் சாமான் அறையில் கிடந்தான். உதடு நீலம். ஒரு மூச்சு, வெகுநேரம் கழித்து அடுத்தது.

என்னோடு தேடி வந்த மைத்துனன் என் கையைப் பிடித்தான். "மாமா, தாலி ஏறிடட்டும். இப்ப தூக்கிக்கினு ஓடுனா கல்யாணமே நின்னுபூடும். ஜல்தியா முடிஞ்சிடும்."

கதவைச் சாத்தினேன். போய் அட்சதை போட்டேன்.

இடைவெளிக்குப் பின் தாங்குதிறன் (போதையை உடல் பொறுக்கும் அளவு) குறைந்துவிடும், பழைய அளவே விஷமாகும் என்று, தாலி ஏறியபின் அவனைக் கொண்டுபோன ஆஸ்பத்திரியில் விளக்கினார்கள். "எவ்வளவு நேரமா இப்படிக் கிடந்தாரு?" என்று கேட்டார்கள்.

"தெரியாது" என்றேன்.

உயிர் பிழைத்தான். மூளை திரும்பவில்லை. உட்காருகிறான், ஊட்டினால் விழுங்குகிறான். எங்கள் பெயர்கள் தெரியாது. "எப்படியோ, அந்தப் பழக்கம் வுட்டுப்போச்சில்ல சார்" என்றார் பக்கத்து வீட்டுக்காரர், ஆறுதலாக.

இதே நோயோடு வீட்டில் பிள்ளை வைத்திருப்பவர்களே, ஊருக்கு உண்மையைச் சொல்லிவிடுங்கள். கல்யாணம் நின்றால் நிற்கட்டும்.

போன வாரம் மகள் வந்திருந்தாள். "அன்னிக்கு அண்ணனை எப்பப்பா பாத்தீங்க?"

"தாலி கட்டி முடிச்சப்புறம்மா."

நம்பினாள். அண்ணன் வாயைத் துடைத்துவிட்டாள்.

இப்போதெல்லாம் கஞ்சிக் கரண்டியை அவன் வாயில் வைத்ததும் என் மூச்சு நின்றுவிடுகிறது. அவன் விழுங்கிய பிறகுதான் வருகிறது. ஒரு கிண்ணம் முடிவதற்குள் மத்தியானம் போய்விடுகிறது.