கடைசி நான்கு மாத அழுத்தம்

2024 ஜூலை 9, செவ்வாய். காலை ஐந்தே முக்காலுக்கு எழுந்தேன். மோட்டார் போட்டுத் தொட்டியை நிறைத்தேன். மனைவிக்கு காரக்கோணம் மருத்துவமனையில் மருந்து கொடுக்கும் பிரிவில் வேலை. அவளை ஏழு இருபது பேருந்தில் ஏற்றிவிட்டேன். ஒன்பது மணிக்குக் கணினி முன் உட்கார்ந்தேன். மழை. இரண்டு முறை கரண்ட் போனது.

எண்ணெய்த் தேக்கப் பொறியியலும் நிர்வாகமும் என்ற ஆறு மாத ஆன்லைன் பயிற்சியில் அது இருபதாவது வாரம். வளைகுடாவில் ஓர் எண்ணெய் வயலில் பதினேழு ஆண்டுகள் கிணற்று அழுத்தம் பார்த்து எழுதியவன் நான். 2022 செப்டம்பரில் ஆட்குறைப்பு என்று அனுப்பிவிட்டார்கள். இந்தச் சான்றிதழ் இருந்தால் திரும்ப அழைக்கும் பட்டியலில் பெயர் சேரும் என்றார்கள். ஐம்பத்தொரு வயதில் என்னை அழைக்க வேறு யாரும் இல்லை.

அன்றைய பாடம், ஒரு வயலின் அழுத்தப் பதிவுகளைக் கொண்டு அது இன்னும் எத்தனை ஆண்டு எண்ணெய் தரும் என்று கணக்கிடுவது. வயலின் பெயரை மறைத்திருந்தார்கள். மூன்றாவது வரியிலேயே எனக்குச் சந்தேகம் வந்தது. அலமாரியிலிருந்து பழைய நாட்குறிப்புகளை எடுத்து ஒப்பிட்டேன். ஓர் எண் கூட மாறவில்லை. என் வயல்தான். நான் ஏணியில் ஏறிப் பார்த்து எழுதிய எண்கள்.

நான் கிளம்பிய செப்டம்பர் வரை அழுத்தம் சீராக இறங்கியிருந்தது. அதன்பின் நான்கு மாதமும் ஒரே எண். அந்த மாதங்களில் என் இடத்தில் இருந்தவன் கூட வேலை பார்த்த நெய்யாற்றின்கரை நண்பன். இப்போது பாறசாலையில் பேக்கரி வைத்திருக்கிறான். பதினொன்று பத்துக்கு அவனை அழைத்தேன்.

“எலே, நீ அந்த ஏணியில ஏறினியா இல்லியா?”

“அனுப்பப்போறானுவன்னு தெரிஞ்ச பொறவு எதுக்குலே ஏறணும்? நீ கடைசியா எழுதினத அப்படியே எழுதினேன். ராசியான நம்பராக்கும் அது.”

“அத வெச்சுத்தான் இங்க பாடம் நடத்துதானுவ மக்கா.”

“அப்பம் எனக்கும் ஒரு சர்ட்டிபிகேட் வாங்கித் தா.” சிரித்தான். “வெக்கட்டா? பஃப்ஸ் கரியுது.”

அந்த நான்கு மாதத்தையும் சேர்த்தால், எண்ணெய்க்கு அடியிலுள்ள நீர் மேலே தள்ளி அழுத்தத்தைத் தாங்குவது போலத் தெரியும். வயலுக்கு இன்னும் எட்டு ஆண்டு ஆயுள். அதை நீக்கிவிட்டு, வரைபடத்தில் இறங்கும் கோட்டை நீட்டினேன். எண்ணெய் மேலே ஏறத் தேவையான அழுத்தம் இந்த ஜூனோடு தீர்ந்திருந்தது. மூன்று முறை போட்டுப் பார்த்தேன். போன மாதம் முடிந்துபோன இடத்திற்குத் திரும்பிப் போவதற்காக இருபது வாரம் படித்திருக்கிறேன்.

மூன்று மணி வகுப்பில் பயிற்றுநரிடம் சொன்னேன். திரையில் அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

“நீங்க சொல்றது உண்மையா இருக்கலாம் சார். ஆனா எங்கிட்ட இருக்கிற விடை எட்டு வருஷம். வேற எழுதினா மார்க் போட முடியாது. இதுல தேறலைன்னா சான்றிதழும் இல்ல.”

மாலையில் மனைவி வழக்கம்போல் கேட்டாள். “எப்பளாக்கும் கூப்பிடுவாவ?”

வழக்கமாக டிசம்பர் என்பேன். அன்று திரையில் அந்தக் கோட்டைக் காட்டி, அது முடியும் இடத்தில் விரல் வைத்தேன். குடையை மடக்காமலே நின்று பார்த்தாள்.

“செரி. நாலு வாரந்தானே இருக்கு, முடிச்சிருங்க,” என்றாள்.

மறுநாள் எழுந்ததும் முதல் வேலையாக, அந்த நான்கு மாதத்தையும் திரும்பச் சேர்த்து, எட்டு ஆண்டு என்று எழுதி அனுப்பினேன். மணி ஐந்து ஐம்பத்திரண்டு.